நாவறண்ட நாள்கள்

2023-ஆம் ஆண்டின் கோடையில் நமக்கு அக்கி கண்டது. விலாப்புறத்தில் எழும்பிய கொப்புளங்கள் மூன்று வாரத்தில் ஆறின, வலியோ ஆறவில்லை. அங்கி உரசினாலும் அந்த இடத்தில் தீப்பட்டாற்போல் எரிந்தது. மருத்துவர் சிறிய மாத்திரை ஒன்றை எழுதித் தந்தார். அமிட்ரிப்டிலின், 10 மி.கி., இரவில் ஒன்று. சீட்டை வாங்கிப் படித்தபோது நம் கை சற்றே நடுங்கியது. அந்தப் பெயரை நாம் நன்கு அறிவோம்.

ஆவடியில், நம் பங்கின் எல்லைக்குள்ளேயே, மருந்துக் கடைகள் பல உள்ளன. இருந்தும் நாம் பேருந்தேறிப் பூந்தமல்லிக்குச் சென்று, நம்மை அறியாத ஒரு கடையில் அதை வாங்கினோம். கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. நாமாகவே, "நரம்பு வலிக்குத்தான்" என்று அவரிடம் சொன்னோம்.

மனநோய்க்கு மருந்து உண்பது வெட்கப்பட வேண்டிய செயலன்று எனப் பீடத்தருகே நின்று பலமுறை மறையுரை ஆற்றியவர் நாம். திரும்பி வரும் வழியெல்லாம் அந்த மறையுரைகள் நம்மை உறுத்தின. அவற்றினும் அதிகமாக உறுத்தியது, 2009-இல் இதே மாத்திரையை முன்னிட்டு நாம் செய்த ஒரு பிழை. சம்பந்தப்பட்ட குடும்பத்தாரின் இசைவு பெற்று, பெயர் குறிப்பிடாமல், அதை வாசகர்முன் வைக்கிறோம்.

அப்போது நாம் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு அருகிலிருந்த ஒரு பங்கில் பணியாற்றினோம். 1964-இல் உருவான அப்பேட்டையின் சங்கொலியே எங்கள் பங்கு மக்களுக்கு நேரம் காட்டும் கடிகாரம். பாடற்குழுவை நடத்திவந்தவர் அங்கே ஒரு பட்டறையில் லேத் இயந்திரத்தில் டர்னர். பகலெல்லாம் இரும்பைக் கடைந்த விரல்கள் மாலையில் ஆர்மோனியத்தில் எத்தனை மென்மையாய் இயங்கும் என்பதைக் கண்டவர்களே நம்புவர். பதிலுரைப் பாடலை அவர் தொடங்கினால் கோவிலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்போரும் சேர்ந்து பாடுவர்.

அந்த ஆண்டுத் தவக்காலத்தில் அவர் மெல்ல மெல்ல மங்கினார். உணவு குறைந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துச் சுவரைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார். ஆர்மோனியத்தின் மேல் போர்த்திய துணி எடுக்கப்படாமலே கிடந்தது. கடன் தொல்லை உண்டா, வீட்டில் சண்டையா என வினவினோம். "அதெல்லாம் ஒண்ணுமில்ல சாமி. மனசு கல்லாட்டம் கெடக்கு. அழுகை கூட வர மாட்டேங்குது" என்றார்.

பூந்தமல்லிக் குருமடத்தில் இறையியல் பயின்ற நாள்களில், பாலைநிலத் துறவியர் 'அசீடியா' என அழைத்த ஆன்மச் சோர்வைப் பற்றிப் படித்திருந்தோம். நான்காம் நூற்றாண்டில் எவாகிரியுஸ் அதை நண்பகற் பேய் என்றார். அதற்கு அவர் சொன்ன மருந்து, அறையை விட்டு ஓடாமல் பொறுமையோடு நிலைத்திருத்தல். நாம் கண்டதை நாம் படித்ததனுள் அடக்கினோம். செபமாலையைக் கையில் கொடுத்து அனுப்பினோம். நல்லவேளையாக, அவருடைய துணைவியார் நம்மைவிடத் தெளிந்தவர். அக்கம்பக்கத்தார் "கீழ்ப்பாக்கமா?" என்று கேட்டுச் சிரிப்பார்களே என்று அஞ்சாமல், கணவரை ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றார்.

கீழ்ப்பாக்கம் என்னும் ஊர்ப்பெயரை வசைச்சொல் ஆக்கிய சமூகம் நம்முடையது. அங்குள்ள மனநலக் காப்பகமோ 1794-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற மனநல இல்லத்தின் வழிவந்தது. நாட்டின் மிகப் பழைய மருத்துவ நிலையங்களுள் ஒன்று. மருத்துவர் சாரதா மேனன் அம்மையார் 1961 முதல் 1978 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்த காலத்தில் புறநோயாளர் பிரிவு தொடங்கியது. மருந்து பெற்றுக்கொண்டு வீட்டிலிருந்தே குணமடையலாம் என்ற நிலை அதனால் பரவலாயிற்று. அம்மையார் பொறுப்பேற்ற அதே 1961-இல்தான் அமெரிக்காவில் அமிட்ரிப்டிலின் விற்பனைக்கு ஒப்புதல் பெற்றது.

நம் நண்பருக்கும் அதுவே தரப்பட்டது. 25 மி.கி. அளவில் தொடங்கி, சில நாள் இடைவெளிகளில் 75 வரை உயர்த்தும்படி எழுதியிருந்தார்கள். பத்தாம் நாள், ஞாயிற்றுத் திருப்பலி முடிந்தபின், அவர் திருவுடை அறைக்கு வந்தார். உதடுகள் வெடித்திருந்தன. "சாமி, நாக்கு அண்ணத்துல ஒட்டிக்குது. சுருதி புடிக்க முடியல. லேத்து முன்னாடி தூக்கம் சொக்குது; நேத்து சூபர்வைசர் திட்டிட்டாரு. மனசு மட்டும் அப்படியே தான் இருக்கு" என்றார்.

நாம் ஒரு கணமும் தயங்கவில்லை. "பாட்டைப் பறிக்கிற மருந்து என்ன மருந்து? விட்டுவிடுங்கள். ஒன்பது நாள் நவநாள் செய்வோம். ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்றோம். அவர் முகத்தில் தோன்றிய நிம்மதி இன்றும் நம் கண்முன் நிற்கிறது. அதை நாம் அருளின் அடையாளம் என்று எண்ணினோம்.

நவநாள் முடிந்த இரண்டாம் வாரத்தில், ஒரு நள்ளிரவில், அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். உண்ணாமல் விட்ட மாத்திரைகள் வீட்டிலேயே இருந்தன. துணைவியார் விழித்துக்கொண்டதால் பிழைத்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் அவருடைய இதயத் துடிப்பை இரவும் பகலும் இயந்திரம் வரைந்துகொண்டே இருந்தது. வெளியே அந்த அம்மாள், கணவர் பிழைப்பாரா என்ற அச்சத்தோடு, பிழைத்தால் காவல் நிலைய வழக்கு வருமே என்ற அச்சத்தையும் சுமந்து நின்றார்.

நான்காம் நாள் அவர் கண்விழித்தார். இளம் பெண் மருத்துவர் ஒருவர், நாம் பக்கத்தில் இருக்கும்போதே, "யார் சொல்லி மாத்திரையை நிறுத்தினீங்க?" என்று கேட்டார். அவர் நம்மை ஒரு முறை பார்த்தார். பிறகு, "யாரும் சொல்லல டாக்டர். நானாத்தான் நிறுத்திட்டேன்" என்றார்.

நாம் வாய் திறக்கவில்லை. குருவின் பெயருக்குப் பழி வரக்கூடாதென்று, சாவின் விளிம்பிலிருந்து மீண்ட ஒருவர் நமக்காகப் பொய் உரைத்தார். நாமோ அந்தப் பொய்யின் நிழலில் ஒதுங்கி நின்றோம்.

அன்று மாலை அந்த மருத்துவர் நடையிலிருந்த விசுப்பலகையில் நம் அருகே அமர்ந்து, ஏறத்தாழ ஒரு மணி நேரம் பேசினார். உண்மையை அவர் உய்த்துணர்ந்தாரோ என்னவோ. அவர் சொன்னவற்றையும், அதன்பின் நாமே தேடிப் படித்தவற்றையும் சேர்த்து இங்கே தருகிறோம்.

இம்மருந்துகளை மூவளைய மருந்துகள் என்பர். மூன்று வளையங்கள் ஒட்டி நிற்பதுபோன்ற மூலக்கூறு வடிவத்தால் வந்த பெயர் அது. இவற்றுள் மூத்தது இமிப்ரமின். சுவிட்சர்லாந்தின் கெய்கி நிறுவனம் உருவாக்கிய அதை, மனச்சிதைவு நோய்க்கு உதவும் என எண்ணி, ரோலண்ட் கூன் என்ற மருத்துவர் மியூன்ஸ்டர்லிங்கன் மருத்துவமனையில் தந்து பார்த்தார். அந்நோய்க்கு அது உதவவில்லை. 1956 சனவரியில் மனச்சோர்வுற்ற ஒரு பெண்மணிக்குத் தந்தபோது அவர் சில நாள்களில் தெளிவடைந்தார். 1957-இல் கூன் சூரிச் நகரில் இதனை அறிவித்தபோது கேட்க வந்தவர்கள் ஒரு டசன் பேரளவே. அந்த மருத்துவமனையில் நோயாளர் பலருக்கு அவர்தம் இசைவைக் கேளாமலே மருந்துகள் சோதிக்கப்பட்டன என்பதைப் பின்னாளில், 2019-இல், வரலாற்று ஆய்வாளர்கள் வெளிக்கொணர்ந்தனர். நன்மை பயத்த மருந்துதான். ஆயினும் அதன் பிறப்பில் அந்தக் கறையும் உண்டு.

நம் மூளையின் நரம்பு முனைகள் செரட்டோனின், நார்அட்ரினலின் முதலிய வேதிப்பொருள்களை வெளிவிட்டுச் செய்தி அனுப்புகின்றன. அனுப்பியதும் அவற்றைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. உறிஞ்சும் அந்த வாயிலை இம்மருந்துகள் அடைக்கின்றன. இத்தகைய மீள்-உறிஞ்சலைக் கண்டு விளக்கிய யூலியஸ் ஆக்சல்ராட் 1970-இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். ஆயின் வாயில் அடைபடுவது சில மணி நேரத்தில்; மனம் தெளிவதோ இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு ஆறு வாரம் கழித்து. இந்த இடைவெளியின் காரணம் அறிஞர்களுக்கே இன்னும் முழுதும் விளங்கவில்லை.

அந்த இடைவெளியில்தான் நம் நண்பர் வழுக்கி விழுந்தார். பிடித்துத் தூக்க வேண்டிய நாமே தள்ளியும் விட்டோம். மூவளைய மருந்துகள் உடலின் வேறு சில வாயில்களையும் அடைப்பவை. அதனால் நா வறளும், மலம் கட்டும், சிறுநீர் தடைப்படும், அருகிலுள்ள எழுத்து மங்கும், படுக்கையிலிருந்து சட்டென எழுந்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றும், வியர்வை குறைவதால் கத்திரி வெயிலில் உடல் கொதிக்கும். இத்தொல்லைகள் முதல் நாளே வந்துவிடும். பயன் மட்டும் பிந்தி வரும். பத்தாம் நாளில் ஒருவர் நம்மிடம் வருகிறாரெனில், தொல்லை முழுவதையும் பெற்று, பயன் ஒன்றையும் பெறாத நாளில் வருகிறார். அந்த நாளில் அவரிடம் சொல்ல வேண்டிய சொல், "பொறுத்திருங்கள், தொல்லையை மருத்துவரிடம் சொல்லுங்கள்" என்பதே. நாம் சொன்னதோ "விட்டுவிடுங்கள்" என்பது.

"எல்லாம் ஒரே மாத்திரைதானா?" என்று அன்று கேட்டோம். ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். குணம் வேறு என்றார் மருத்துவர். மனச்சோர்வை நீக்கும் ஆற்றலில் அவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை. எந்தச் சுமையை யார்மேல் ஏற்றும் என்பதில்தான் வேறுபாடு. அமிட்ரிப்டிலின் தூக்கத்தையும் நாவறட்சியையும் மிகுதியாகத் தரும். உறக்கமின்றித் தவிப்பவருக்கு அத்தூக்கமே நன்மை. லேத் இயந்திரத்தின்முன் நிற்பவருக்கு அதுவே ஆபத்து. இரவில் உண்ணச் சொன்ன மாத்திரையை, இரவுப் பணி வாரத்தில் நம் நண்பர் எப்போது உண்பது? அந்தக் கேள்வியை எவரும் கேட்கவில்லை. இமிப்ரமின் அந்த அளவுக்குத் தூக்கம் தராது. அமிட்ரிப்டிலின் ஈரலில் மாற்றமடையும்போது உண்டாகும் நார்டிரிப்டிலின் தனி மருந்தாகவும் கிடைக்கிறது. அது பொதுவாகச் சற்று இலேசானது, எழுந்து நிற்கையில் இரத்த அழுத்தத்தைக் குறைவாகவே தாழ்த்தும். மூவளைய மருந்தொன்று முதியவருக்குத் தேவைப்படும்போது அதைத் தேர்வதுண்டு. டாக்செபின் தூக்கத்தோடு அரிப்பையும் அடக்குவது. நம் நாட்டில் டோசுலெப்பின் நெடுங்காலம் பரவலாக எழுதப்பட்டது. அளவு மீறினால் மிகவும் நஞ்சாவது என்பதால் இன்று அதை எச்சரிக்கையோடு அணுகுகின்றனர்.

குளோமிப்ரமின் நம் பணிக்கு நெருங்கிய ஒன்று. ஒரே எண்ணம் விடாமல் சுழன்று வதைக்கும் நோய்க்கு அது நன்கு உதவுகிறது. செய்யாத பாவத்தைச் செய்ததாக அஞ்சி, மன்னிப்புப் பெற்ற பின்னும் பெறவில்லையோ எனக் கலங்கி, ஒரே நாளில் மும்முறை குருவைத் தேடிவரும் மனச்சாட்சி நெருடலுடையோரை ஒவ்வொரு குருவும் அறிவார். புனித அல்போன்ஸ் லிகோரியாரே அந்நெருடலால் துன்புற்றவர். ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வெளியே நம்மிடம் வந்து மனம் திறந்த இளைஞர் ஒருவரை, பின்னாளில் நாம் மருத்துவரிடம் அனுப்பினோம். அவருக்கு எழுதப்பட்டதும் அம்மாத்திரையே. இன்று அவர் அமைதியாகத் திருவிருந்துக்கு வருகிறார்.

இக்குடும்பத்துக்குப் பொதுவான ஒரு பெருங்குறை உண்டு. அளவு மீறினால் இவை முதலில் இதயத் துடிப்பைத் தாக்கும். வாழ்வை வெறுத்தவருக்குத் தரும் மருந்தே அவர் கையில் ஆபத்தாவது எத்துணைக் கொடுமை! அதனாற்றான் அத்தகையோருக்குச் சில நாள் அளவே தந்து அனுப்புவதும், மாத்திரை அட்டையை வீட்டார் பொறுப்பில் வைக்கச் சொல்வதும். இதய நோய், கண் நீரழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 1987-இல் புளுவாக்செட்டின் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றதும், அதன் வழியில் வந்த செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் முதலியன பெரும்பாலோர்க்கு முதல் தேர்வானதும் இப்பாதுகாப்புக் கருதியே. ஆற்றலில் பழையவை தாழ்ந்துவிடவில்லை. 2018-இல் இலான்செட் இதழில் வெளியான பேராய்வு 21 மருந்துகளை, 522 சோதனைகளை, 1,16,477 நோயாளரை ஒப்பிட்டது. பயனில் முன்வரிசையில் நின்றது பழைய அமிட்ரிப்டிலினே. தாங்கமாட்டாமல் பாதியில் விட்டோர் மிகுந்தது குளோமிப்ரமினில். விலை மலிவு, நரம்பு வலிக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் சிற்றளவில் உதவுவது. ஆகவே பழையவை இன்றும் மருந்தகத்தை விட்டு நீங்கவில்லை.

நம் நண்பருக்கு மருத்துவர் செர்ட்ராலின் எழுதினார். முதல் வாரங்களில் குமட்டல் இருந்தது. இம்முறை அவர் பொறுத்தார், வாரந்தோறும் நாமும் அவர் வீட்டுக்குச் சென்று அமர்ந்தோம், உபதேசம் செய்யவில்லை. ஏழாம் வாரம் ஆர்மோனியத்தின் மேலிருந்த துணியை அவரே எடுத்தார். தெளிந்த பின்னும் ஓராண்டு அளவும் மருந்து தொடர்ந்தது. பின்னர் மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தினார்.

அந்நாள்களில் நம் இறையியல் நூல்களை மீண்டும் புரட்டினோம். துயரத்தைத் தணிக்கும் வழிகளைப் பட்டியலிடும் புனித தாமஸ் அக்குவினாஸ், கண்ணீரையும் நண்பர் துணையையும் உண்மையைத் தியானிப்பதையும் சொல்லிவிட்டு, உறக்கத்தையும் குளியலையும் அவற்றோடு சேர்க்கிறார். சாக விரும்பிச் செடியடியில் படுத்த எலியாவுக்கு வானதூதர் மறையுரை ஆற்றவில்லை. அப்பமும் தண்ணீரும் தந்து, உறங்கவும் விட்டார். இவற்றையெல்லாம் தேர்வுக்காகப் படித்தவர் நாம். உடலையும் படைத்தவர் இறைவனே எனில், உடலின் வழியாக வரும் நலத்தை அவருக்குப் போட்டியாக நிறுத்தியது நம் அறியாமையே.

திருச்சபையும் நாடும் இதில் நம்மைவிட விரைந்து கற்றுள்ளன. தன்னுயிரை வேண்டுமென்றே மாய்த்தவருக்குத் திருச்சபை அடக்கத்தை 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு மறுத்தது. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பில் அத்தடை இல்லை. 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி நூல், கடும் மனநலக் குறைவு ஒருவரது பொறுப்பைக் குறைக்கும் என்றும், அத்தகையோரின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்றும் போதிக்கிறது. அந்த அம்மாளை அச்சுறுத்திய தண்டனைச் சட்டப் பிரிவின் கடுமையை 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் தணித்தது. உயிர்மாய்க்க முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் எனக் கொண்டு அவருக்குச் சிகிச்சை தருவதை அரசின் கடமையாக்கிற்று.

2023-க்கு வருவோம். பூந்தமல்லியில் மாத்திரை வாங்கிய மறு மாதம், பழைய நண்பர் மனைவியோடு நம்மைக் காண ஆவடிக்கு வந்தார். பேசிக்கொண்டிருக்கையில் அடிக்கடி தண்ணீர் குடித்தோம். அவர் நம் உதடுகளை உற்றுப் பார்த்தார். மேசைமேல் செபநூலுக்கு அடியில் ஒளிந்திருந்த அட்டையையும் பார்த்துவிட்டார். "இது நம்ம மாத்திரையாச்சே சாமி!" என்று குழந்தைபோல் சிரித்தார். "ஒரே மடக்கா குடிக்காதீங்க. கொஞ்சம் கொஞ்சமா வாய நனைச்சுக்குங்க. ராத்திரி எழுந்தா கட்டில்ல கொஞ்சம் உக்காந்துட்டு அப்புறம் நில்லுங்க." சற்று நிறுத்தி, குரல் தாழ்த்தி, "யாராச்சும் நிறுத்துன்னு சொன்னா கேக்காதீங்க" என்றார்.

அச்சொல்லில் கசப்பு சிறிதும் இல்லை. அதனாலேயே நம்மால் தாங்க முடியவில்லை. அவர் துணைவியார் பக்கம் திரும்பி, பதினான்கு ஆண்டு விழுங்கி வைத்திருந்ததைச் சொன்னோம். "அம்மா, அன்றைக்கு மாத்திரையை நிறுத்தச் சொன்னது நாம்தான். அவர் டாக்டரிடம் சொன்னது பொய்."

அந்த அம்மாள் வெகுநேரம் சுவரிலிருந்த பாடுபட்ட சுரூபத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "நீங்க இப்ப மாத்திரைய ஒழுங்கா போடுறீங்களா சாமி?"

அன்புக்குரியவர்களே, 2009-இல் வெளியான ஆய்வொன்று சென்னை மக்கள் 25,455 பேரிடம் வினவி, நூற்றுக்குப் பதினைந்து பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளைக் கண்டது. வருமானம் குறைந்தோரிடம் அது மிகுந்திருந்தது. நூறு பேர் கூடும் ஒரு திருப்பலியில் அவர்கள் எத்தனை பேர் என நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். எந்த மாத்திரை என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதும் அவர் பொறுப்பே. அவரிடம் மறைக்காமல் பேசத் துணை நிற்பதும், பயன் வரும்வரை அந்த வாரங்களில் உடனிருப்பதும் நம் பங்கு. இரவில் தனித்துத் தவிப்பவர் 14416 என்னும் டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம், கட்டணம் இல்லை.

நமக்கு வலி இப்போது இல்லை. மாத்திரையை மருத்துவர் சொன்ன நாளில் நிறுத்தினோம். அதற்கு முன்னைய மாதங்களில் அதை வாங்கியது ஆவடியில், கோவிலுக்கு எதிரிலுள்ள கடையில்.